ஒற்றைக் குச்சி

ரிமோட்டின் குச்சியை முன்னே தள்ளினாள். இடது சக்கரம் மட்டும் சுழன்றது.

பக்கவாட்டில் சாய்த்தாள். வலது சக்கரம் மட்டும் சுழன்றது.

வயரைக் கழற்றி மாட்டினாள். மோட்டார்களை ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் நன்றாகவே ஓடின.

பாலிடெக்னிக் பணிமனை மேசையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், சக்கரங்கள் எதையும் தொடாமல் நின்றது சண்டை ரோபோ. மூன்று வருடமாக அவள் அதைக் கட்டுகிறாள். ரியாஸ் ஓட்டுகிறான்.

மணி மூன்று இருபது.

நான்கு மணிக்குள் போட்டிக்கு ஓட்டுநரின் பெயரைக் கொடுக்க வேண்டும். வண்டி ஒற்றைக் கையில் ஓடினால் அவன் பெயர். ஓடாவிட்டால் அவள் பெயர்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை அவளுக்கும் உண்டு. அதுதான் உறுத்தியது.

ரியாஸின் இடது கையில் கட்டு. இரண்டு விரல்கள் முறிந்து பதினோரு நாள்.

பழைய ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி இடது சக்கரத்துக்கு, வலது குச்சி வலது சக்கரத்துக்கு. அதற்கு இரண்டு கை வேண்டும். பந்தயக் கார்களுக்கு விற்கும் துப்பாக்கிப்பிடி ரிமோட்டையும் கடையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு கை விசையை அழுத்த, மறு கை வட்டைத் திருப்ப. அதுவும் ஆகாது.

மிச்சம் ஒரே வழி. ஒற்றைக் குச்சி.

முன்னே தள்ளினால் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே வேகம். பக்கத்தில் சாய்த்தால் ஒன்றுக்குக் கூட்டி, மற்றதற்குக் குறைக்க வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை ஏதாவது ஒன்று இடையில் இருந்து செய்ய வேண்டும். மிக்ஸிங் என்பார்கள். அது தெரிந்த ரிமோட்டைத்தான் தேடி வாங்கினாள். காலையில் மெனுவுக்குள் போய் அதை இயக்கியும் வைத்தாள்.

இன்னொன்றையும் இந்த முறை சரியாக வைத்தாள்.

சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று அதற்குள் இருக்கும் ரிசீவருக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். நில் என்று. பழைய ரிசீவரோ, ரிமோட்டோடு இணைக்கும் நொடியில் குச்சி எங்கே இருக்கிறதோ அதையே நினைவில் வைத்துக்கொள்ளும் ரகம்.

அதை இணைத்தவள் அவள். அப்போது அவள் கட்டைவிரல் குச்சியின் மேல் இருந்தது.

கொஞ்சம் முன்னே.

பதினோரு நாள் முன்பு அவள் ரிமோட்டை அணைத்தபோது, ரியாஸ் செயினில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தான். சிக்னல் போனது. வண்டி தன் நினைவில் இருந்ததைச் செய்தது.

"பேட்டரியக் கழட்டாம கைய விட்டுட்டேன் சார். என் தப்புதான்." பணிமனை ஆசிரியரிடம் அவனே சொன்னான். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அன்று மாலையே ரிசீவரைச் சோதித்துப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டாள். நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை பத்து முறை வந்து போய்விட்டது.

"என்ன புள்ள, ஓடுதா?"

ரியாஸ் கதவில் சாய்ந்து நின்றான்.

"ஒரு சக்கரம்தான் சுத்துது."

"அப்ப நீயே ஓட்டிக்க. ஆம்னி பஸ் மாதிரி ஒரு ஏக்கருக்கு வளைச்சுட்டு வருவ. எதிர்ல நிக்கறவன் சிரிச்சே தோத்துருவான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கிட்டே வந்து குனிந்து வண்டிக்குள் பார்த்தான். "இந்த மோட்டார் போர்டுல மூணாவது சுவிட்ச நேத்து தூக்கி விட்டேன். ஒத்தக் குச்சிக்கு அதுதான்னு புக்குல போட்டிருந்துச்சு. இருக்கற ஒரு கையில டார்ச்சு, அதனால பல்லு குத்தற குச்சிய வாயில கடிச்சுட்டே தள்ளுனேன். நீ வேற எனக்காக அலைஞ்சுட்டு இருக்க, அதான் சொல்லல."

அவள் அந்தச் சுவிட்சைப் பார்த்தாள். கடுகளவு வெள்ளைப் பொத்தான். மேலே நின்றது.

ரிமோட் கூட்டிக் கழித்து அனுப்புகிறது. வந்ததை, மோட்டார்களை இயக்கும் போர்டு மறுபடி கூட்டிக் கழிக்கிறது. முன்னே தள்ளினால் கூட்டியது முழுவதும் ஒரு சக்கரத்துக்குப் போகிறது. கழித்ததில் மற்றதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சாய்த்தால் தலைகீழ்.

ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

மணி மூன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடம் வாய் திறக்காமல் இருந்தால் போதும், ஓட்டுநர் அவள்தான். யாருக்கும் எதுவும் தெரியாது.

"ரியாஸ்."

"ம்."

"அன்னிக்கு உன் தப்பு இல்ல. ரிசீவர இணைக்கறப்ப நான் குச்சிய முன்னால தள்ளி வெச்சிருந்திருக்கேன். ரிமோட்ட ஆஃப் பண்ணதும் அதனாலதான் ஓடிருச்சு."

அவன் நிமிரவில்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

அவன் இடது கைக் கட்டைப் பார்த்தான்.

"பதினோரு நாளா எங்கம்மா என்னையத் திட்டிட்டு இருக்குது," என்றான். குரலில் கோபமில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு ரிமோட்டுக்காக வலது கையை நீட்டினான்.

மிக்ஸிங் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். ரிமோட்டில் தான் வைத்ததை அவள் அணைத்தாள். போர்டில் அவன் வைத்ததை அப்படியே விட்டாள். ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கட்டைவிரலால் குச்சியை முன்னே தள்ளினான்.

இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் முன்னோக்கிச் சுழன்றன.