இரண்டாவது பிழை

மகள் இரண்டு கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அப்பா அவற்றைக் கையால் தொடவில்லை. பேனாவின் பின்புறத்தால் ஒன்றை மட்டும் அரை அடி தள்ளிவிட்டார்.

தள்ளப்பட்டது இருபது மாடி. அருகிலேயே இருந்துகொண்டது மணிக்கூண்டு.

அந்த வீட்டில் பல்கலைக்கழகங்களுக்கு அவைதான் பெயர். பதினோரு நாள் சண்டையில் முழுப் பெயர் சொல்ல யாருக்கு மூச்சு இருக்கிறது.

இருபது மாடியில் நிதித்துறை படித்தால், மூன்றாம் வருடம் முடிவதற்குள் முதலீட்டு நிறுவனங்கள் வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போகும். அவளுக்கு வேண்டியது அது. மணிக்கூண்டில் படித்தால் அப்பாவைப் போல ஆடிட்டர் ஆகலாம். ஆடிட்டர் வேலைகூடப் பரவாயில்லை. அந்த 'அப்பாவைப் போல'தான் அவளுக்கு ஆகாது.

அப்பா லேசுப்பட்ட ஆடிட்டர் இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையில் மூன்று பிழை கண்டுபிடித்து, அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பி, கல்யாணத்தையே ஒரு வாரம் தள்ளிப்போட்டவர்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொடுக்கும் தாளில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து அனுப்புவார். கண்டுபிடித்தவனுக்கு வேலை நிலைக்கும். மற்றவன் சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான்.

மகளின் விண்ணப்பங்களையும் அவர்தான் எழுதினார். இரண்டிலும் மொத்த மதிப்பெண்ணில் ஒன்றைக் கூட்டி வைத்தார். தொழில் பழக்கம்.

மணிக்கூண்டு கண்டுபிடித்தது. 'கூட்டலில் பிழை. இம்முறை மன்னித்தோம். உறுதிப் படிவத்திலும் பிழை இருந்தால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்' என்று எழுதி, இடமும் கொடுத்தது. அப்பா அதை மூன்று முறை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் தான் எழுதிய கடிதங்களுக்குக்கூட அந்த யோகம் வாய்க்கவில்லை என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

இருபது மாடி பிழையைப் பற்றி மூச்சே விடவில்லை. வருக வருக என்றது.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பல்கலைக்கழகமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டது 'உப்பு' என்ற ஒரே சொல். அதையும் உப்பு ஜாடியைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

மணிக்கூண்டின் கெடு இன்று மாலை ஐந்து மணி. இருபது மாடிக்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. இப்போது மணி நான்கு.

"ஒரு கூட்டலைச் சரிபாக்கத் துப்பில்லாதவன் உனக்கு நிதி சொல்லித் தரப்போறானாக்கும்," என்றார் அப்பா, உப்பு ஜாடியிடம்.

அவள் பதினோரு நாளாக இதற்குத்தான் காத்திருந்தாள்.

"இருபது மாடி ஃபாரத்துல கூட்டலை நான் திருத்திட்டுத்தான்ப்பா அனுப்பினேன். இல்லாத தப்பை அவங்க எங்கேருந்து கண்டுபிடிப்பாங்க?"

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"எத்தனை தப்பைத் திருத்தினே?"

"ஒண்ணு."

"நீ கை வெப்பேன்னு தெரியும். அதான் அதுல மட்டும் ரெண்டு வெச்சேன்."

தள்ளிவிட்ட கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, இரண்டாவது பத்தியைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

முதல் பத்தியை அவள் நூறு தடவையாவது படித்திருப்பாள். 'தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்பதற்குக் கீழே அவள் கண் இறங்கியதே இல்லை.

இப்போது இறங்கியது. 'தொடக்க விழாவுக்குத் தாங்களும், தங்கள் சார்பில் கையெழுத்திட்ட தங்கள் தம்பியும் தவறாமல் வரவேண்டும்.'

அவளுக்குத் தம்பி கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. கையெழுத்திட்டவரின் வயது அறுபத்தொன்று என்பதும் அதே படிவத்தில்தான் இருந்தது.

அவள் எண்களை மட்டும் சரிபார்த்திருந்தாள். அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த 'உறவுமுறை' கட்டத்தில் அவர் 'தம்பி' என்று எழுதியிருந்ததை அவள் பார்க்கவே இல்லை. இருபது மாடியோ, பார்த்து அப்படியே நம்பிவிட்டது.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பத்தைந்து வருடங்களில் எத்தனையோ பேரைச் சாப்பாட்டு டப்பாவோடு அனுப்பியவர். ஆனாலும் இவ்வளவு சுகமாக அவர் நாற்காலியில் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

"எழுது," என்று மணிக்கூண்டின் உறுதிப் படிவத்தை நீட்டினார்.

அவள் எழுதினாள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், மொத்தம். மொத்தத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. ஜெயித்த கை, தானாகவே ஓடிப் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தது.

அவள் படிவத்தை உறையில் போட்டு ஒட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

'உறவுமுறை' கட்டத்தில், வயதுக்கு மரியாதை கொடுத்து, 'அண்ணன்' என்று போட்டிருந்தாள்.

மணிக்கூண்டு கண்டுபிடித்துவிடும். அந்த விஷயத்தில் அவளுக்கு அப்பாவைவிட அதிக நம்பிக்கை இருந்தது.