விழுங்காத பழம்

இப்போதெல்லாம் சனங்களுக்கு வீட்டில் இருந்து தின்றால் இறங்காது. மேசை இருக்கிறது, கதிரை இருக்கிறது. என்றாலும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு வந்து, எறும்புக்கும் பங்கு வைத்துத்தான் தின்ன வேண்டும். அதற்கும் முன்னால் எல்லாவற்றையும் போனுக்குக் காட்ட வேண்டும்.

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் விரித்த பாயில், மடங்காத முழங்காலை நீட்டிக்கொண்டு, சாஹுல் ஹமீது இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மகன் அரூஸ் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டார். அவன் சிரித்துப் பேசினாலே இவர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். கூப்பிட்டது மகள் இல்மா.

அரூஸுக்கு ஒரு வருடமாக ஒரே பாட்டு. திகன வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தைத் தறித்துவிட்டு, வெள்ளைக்காரர் வந்து தங்க அறை கட்ட வேண்டும்.

"நான் மௌத்தாகின பொறகு தறி" என்று இவர் பேச்சை முடித்துவிட்டார்.

அந்த மரத்துப் பொந்தில் வருடா வருடம் ஒரு பெரிய சொண்டுப் பறவைச் சோடி கூடு வைக்கும். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சொண்டு நுழைய மட்டும் ஒரு கீறல். குஞ்சு வளரும்வரை ஆண்தான் வெளியே இருந்து ஊட்டும்.

மனைவி சகீனா பாயோடு பாயாகக் கிடந்த வருடம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது ஊட்டியது, இந்தப் பக்கம் இவர் ஊட்டினார்.

சகீனா போய்விட்டாள். பறவைகள் வருவதை நிறுத்தவில்லை. இந்த முறையும் பெருநாள் முடிந்த கையோடு பெட்டை உள்ளே போய்விட்டது. பகல் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதும் மரத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

இல்மா பொரித்த திலாப்பி மீனில் முள் எடுத்து எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"என்ன இண்டைக்கு எல்லாருக்கும் என்மேல இவ்வளவு இரக்கம்?"

"ஏன், உங்கள அறுக்கவா கூட்டி வந்த?" என்று அரூஸ் சிரித்தான்.

அப்போதுதான் அது வந்தது.

தண்ணீருக்கு மேலாகத் தாழப் பறந்து வந்து, கரையோர வேலிக் கட்டையில் குந்தியது.

"ஆ, ஹோர்ன்பில்! இது இங்கெல்லாம் வராதே!" அரூஸ் போனைத் தூக்கினான்.

வராதுதான். கொப்பை விட்டுக் கீழே இறங்காத சாதி. சாஹுல் ஹமீது வாயில் போட்ட மீனை மெல்லாமல் பார்த்தார்.

அந்தப் பெரிய சொண்டின் நுனியில் ஒரு ஆலம்பழம்.

அது விழுங்கவில்லை. கீழே போடவும் இல்லை. கட்டையிலிருந்து மின்கம்பத்துக்குப் போனது. திரும்பவும் கட்டைக்கு வந்தது. பொழுது சாயும் இந்த நேரத்தில் அது பொந்து வாசலில் நிற்க வேண்டும்.

தட்டைப் பாயில் வைத்தார்.

"மரம் நிக்குதா?"

அரூஸ் போனை இறக்கினான்.

"அல்லாஹ் மேல ஆணையா நான் தறிக்கல்ல வாப்பா."

சொல்லிவிட்டு அவன் தங்கையைப் பார்த்தான்.

இல்மா அடுத்த துண்டில் முள் தேடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

சாஹுல் ஹமீது கையை ஊன்றி எழுந்தார். யாரையும் தாங்க வரவிடவில்லை. செருப்பைக் காலால் துழாவிப் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

இல்மா பின்னால் ஓடி வந்தாள்.

"மரம் காத்துக்கு உங்கட அறைக்கு மேல உழுந்தா என்ன செய்ற? அதுதான் நான் ஆள் விட்ட. பொந்துக்குள்ள இருந்த பறவைய பக்குவமா எறக்கிப் பெட்டியில வெச்சீக்கிறாங்களாம் வாப்பா. ஒண்டும் ஆகல்லயாம்."

அவர் நிற்கவில்லை.

இருக்கலாம் என்று நடந்தபடியே நினைத்துப் பார்த்தார். நல்லதுக்குச் செய்த வேலை என்றால் வீட்டில் வைத்தே சொல்லியிருக்கலாம். அதற்கு மீன் பொரித்திருக்கத் தேவையில்லை.