பச்சை இலைச் சுவர்

தோசைத் திருப்பியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

அறை வாசற்படியில் என் தம்பி அபினவ் நின்றான். உள்ளே வரவில்லை, தடுக்கவும் இல்லை.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி நிருபமா குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவாள். அதற்குள் இது வெறும் சுவராகிவிட வேண்டும்.

அபினவுக்கு ஒரு லண்டன்காரர் மேல் பைத்தியம். விக்டோரியா ராணி காலத்து மனிதர். சுவர்க் காகிதத்துக்கு இலையும் பறவையும் வரைந்தார், கதையும் கவிதையும் எழுதினார், தொழிலாளிகளுக்காகத் தெருமுனையில் நின்று தொண்டை கிழியப் பேசினார். ஆபீஸ் விட்டு வந்ததும் இவன் அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்துவிடுவான். கட்டின பெண்டாட்டியோடுகூட அவரைப் பற்றித்தான் பேச்சு.

கொள்ளுத்தாத்தா மைசூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தபோது, ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் எடுத்த காகிதச் சுருள்கள் பெட்டியில் கிடந்தன. பச்சை இலை, நடுவே குருவிகள். அந்தக் காலத்து அசல். அதை அபினவ் தானே இங்கே ஒட்டினான். லண்டன்காரருக்கு எல்லாம் கைவேலையாக இருக்க வேண்டுமாம், கடைப் பசை கூடாதாம். மைதாவைக் காய்ச்சி ஒட்டினான். பெங்களூர் மழைக்கு மூலையெல்லாம் பூஞ்சை பிடித்தது.

நேற்று அவன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். அந்தக் காலத்துப் பச்சையில் ஆர்சனிக் இருந்ததாம். நாம் பாஷாணம் என்கிறோமே, அதுதான். பூஞ்சை பிடித்தால் அது விஷக்காற்றாகும் என்று அப்போதே டாக்டர்கள் எச்சரித்தார்களாம்.

“அவர் நம்பவே இல்லேக்கா. டாக்டர்கள் கெளப்பிவிட்ட பீதின்னுட்டார்,” என்றான் இப்போதும்.

லண்டன்காரர் எப்படி நம்புவார்? அவர் வீட்டுப் பணமே ஆர்சனிக் வெட்டியெடுத்த சுரங்கத்திலிருந்து வந்தது. நல்ல மனிதர்தான். நம்பியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

அபினவுக்குச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கு வருவது இரண்டாவது குழந்தை.

முதல் குழந்தை ஐந்து மாதம் இந்த அறையில்தான் இருந்தது. குடித்த பால் தங்கவில்லை, உடம்பு தேறவில்லை. ஏனென்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. அது போனபின் பூட்டிய அறையை நேற்றுதான் திறந்தோம்.

கடைசிப் பட்டை மிச்சமிருந்தபோது அபினவ் உள்ளே வந்தான். என் கையிலிருந்து திருப்பியை வாங்கி அவனே சுரண்டினான். சுரண்டிக்கொண்டே அழுதான்.

“நிருபமாட்ட சொல்லிடலாமாக்கா?” என்றான்.

உரிந்த காகிதத்தை அள்ளிச் சாக்கில் திணித்தேன். நேற்று வாசித்ததில் ஒரு வரியைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அந்த விஷக்காற்று பூண்டு வாடை அடிக்குமாம்.

முதல் குழந்தை இருந்த ஐந்து மாதமும் இந்த அறையில் பூண்டு வாடை வீசும். எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. கீழ்வீட்டுச் சமையல் என்றுதான் நினைத்தோம். அந்த நெடி குழந்தைக்கு ஆகாது என்று நிருபமா தினமும் இந்த ஜன்னலை இறுகச் சாத்திவைப்பாள்.