பிடில்காரிக்குக் கிடைத்த சீட்டு

“பிடில் வாசிச்சவளுக்கு டாக்டர் சீட்டு! பயாலஜி படிச்ச என் பொண்ணுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டு! இது எந்த ஊர் நியாயம்?”

கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள் டெனிஸ்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் கிர்ஸ்டனும் மாரிட்டும். இருவருக்குமே டாக்டராகும் ஆசை. அங்கே நாலு வருஷப் பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தப் பட்டப்படிப்புக்கு இருவரும் போனது ஒரே கல்லூரிதான். டெனிஸின் மகள் கிர்ஸ்டன் பயாலஜி எடுத்தாள். மாரிட் இசை எடுத்தாள்.

“மெடிக்கல் காலேஜுக்கு இன்ன பாடம்தான்னு கிடையாதாம், டெனிஸ்,” என்றார் கணவர் கிரெய்க், செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல். “அவங்க கேட்கிற கெமிஸ்ட்ரி, பயாலஜி வகுப்புங்களை முடிச்சிருந்தாப் போதும். மத்தபடி பிடிலோ பிரெஞ்சோ, எது வேணா படிக்கலாம். மாரிட்டும் அதை முடிச்சிருக்கா.”

“இதை இப்ப வந்து சொல்லுங்க!”

“முன்னாடியே சொல்லியிருந்தா நீ பிடில் கத்துக்கிட்டிருப்பியா?”

“கேலி வேற! கிர்ஸ்டன் நேத்துலேர்ந்து அறைக் கதவைத் திறக்கலை, தெரியுமா?”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாரிட், கையில் ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக்கோடு.

டெனிஸ் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். “வாங்க டாக்டரம்மா!”

“முதல் துண்டு உங்களுக்குத்தான் ஆன்ட்டி. ஞாபகம் இருக்கா? நாலு வருஷம் முன்னாடி சர்ச் விருந்துல, நானும் பயாலஜிதான் எடுக்கப்போறேன்னு சொன்னேன். நீங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘உன் கைக்குப் பிடில்தான் அழகு, இசையே படி’ன்னு சொன்னீங்க.”

“சொன்... சொன்னேனா?”

“ரெண்டு தடவை! இன்டர்வியூவுல முக்கால்வாசி நேரம் பிடிலைப் பத்தியேதான் கேட்டாங்க. முதியோர் இல்லத்துல போய் வாசிக்கிறதைச் சொன்னேன். அவங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கிர்ஸ்டனுக்கும் கிடைச்சிடும் ஆன்ட்டி. தினமும் படுக்கறப்ப அவளுக்காக ஜெபம் பண்றேன்.”

அவள் போனதும் கிரெய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“அடுத்த வீட்டுப் பொண்ணுக்கு இப்படி ஒரு வழி காட்டிட்டு, என்கிட்டகூட மூச்சு விடலியே நீ! இந்தக் கேக்கைச் சாப்பிடறதுக்கு முன்னாடி இன்னிக்கு நீயே ஜெபம் சொல்லு.”

டெனிஸ் கைகூப்பிக் கண்ணை மூடினாள்.

இசை படித்தால் டாக்டராகவே முடியாது, கிர்ஸ்டனுக்குப் போட்டி ஒன்று குறையும் என்று நம்பித்தான் அன்று அதைச் சொல்லியிருந்தாள்.