நகராத புள்ளி

“தம்பி, மேப்புல எங்க வீட்டுக்காரரோட புள்ளி இப்பல்லாம் நகரவே மாட்டேங்குது.”

பல்லேபொல சந்தியில் ஃபோன் கடை வைத்திருந்த ஜெராட், லூசியா நீட்டிய ஃபோனைப் பார்த்துச் சிரித்தான்.

“ஐயா வீட்டுலதான் இருக்காருன்னு காட்டுது. நல்லதுதானே அம்மா?”

“முன்னல்லாம் பொழுது சாஞ்சா மாதா கோயில் வரைக்கும் போய்ட்டு வருவாரே!”

“வீட்டுக்குப் புதுசா வைஃபை போட்டீங்களா?”

“மக போட்டா.”

“அதான் இப்ப சரியா காட்டுது. முன்ன மலையும் தகரக் கூரையும் சிக்னலைக் குழப்பியிருக்கும். ஃபோன் வீட்டுல கிடந்தாலும் புள்ளி ஊரைச் சுத்தும்.”

அவள் முகம் வாடியது.

“வீட்டுலதான் கிடக்கு தம்பி. அவரு படத்துக்கு முன்னால, மெழுகுதிரி பக்கத்துல. அடக்கம் பண்ணின நாள்லேர்ந்து நான்தான் சார்ஜ் போடுறேன்.”

ஜெராட் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டான்.

“அந்த ஃபோன்ல வைஃபையை மட்டும் அணைச்சு வைங்க அம்மா,” என்றான் மெதுவாக. “ஐயா கோயிலுக்குக் கிளம்பிடுவாரு.”