நாற்பத்தெட்டுக் கதவுகள்

இரண்டு விடுதிக் கட்டடங்களுக்கும் ஒரே வரைபடம். ஒரே செங்கல், நான்கு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு அறை. வெயில்கூடச் சமமாகத்தான் விழுந்தது.

ஆனாலும் இடது கட்டடத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகவே செலவானது.

அங்கே மாணவிகளுக்குப் பக்கத்து அறைக்காரியின் தேர்வுத் தேதிகூடத் தெரியும். வலது கட்டடத்தில் முகமே தெரியாது.

இரண்டையும் வடிவமைத்தவளுக்குக் காரணம் பிடிபடவில்லை. மீட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகக் குழு கூடுகிறது. அதற்குள் காரணம் சொல்ல முடியாவிட்டால், அடுத்துக் கட்டவிருக்கும் மூன்றாவது கட்டடம் கைநழுவிவிடும். திறக்காத கண்ணாடி, முழுக்க ஏசி என்று வேறொருவர் வரைவார்.

பிற்பகலில் இடது கட்டடத்தின் நடைவழியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பின்கழுத்தில் காற்று பட்டது.

திரும்பினாள். அறைக்கதவு திறந்திருந்தது. அடுத்ததும். கடைசிவரை எல்லாமும்.

காற்று உள்ளே வரவேண்டுமென்றால் அது வெளியேறவும் ஒரு வழி வேண்டும். ஜன்னலில் நுழைந்த காற்று கதவு வழியே நடைக்கு வந்து, எதிர் அறை ஜன்னலில் போய்க்கொண்டிருந்தது. ஏசிகள் சும்மா கிடந்தன. மூன்றாம் அறையில் ஒருத்தி கேட்ட சந்தேகத்துக்கு ஏழாம் அறையிலிருந்து பதில் வந்தது.

வலது கட்டடத்தில் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும். இங்கே?

நிமிர்ந்து பார்த்தாள். கதவை இழுத்துச் சாத்தும் இரும்புக் கை, ஒவ்வொரு கதவின் மேலும் கழன்று மடங்கிக் கிடந்தது.

துடைப்பத்தோடு வந்த துப்புரவு அக்காவிடம் கேட்டாள்.

“நான்தான் மேடம் கழட்டினேன். ரெண்டு கையிலயும் வாளி இருக்கும், இது பின்னாடியே வந்து முதுகுல ஒரு போடு போடும். எந்தப் புண்ணியவான் மாட்டினானோ, அவன் ஒருநாள் வந்து இந்த மாடியப் பெருக்கிப் பாக்கணும்.”

“தீப்பிடிச்சா புகை பரவக் கூடாதுன்னு மாட்டியிருக்காங்க அக்கா.”

“தீ என்னைக்கோ வரும். நான் தினமும் வர்றேனே.”

மாட்டச் சொன்னது தான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை, குழுவுக்குக் கொடுத்த தாளில் எழுதியிருந்தாள்:

‘பிழை என்னுடையது. காற்றுக்கு ஜன்னல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தியது நான்தான். இனி மூன்று கட்டடங்களிலும் ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் சுவரில் ஒரு மின்காந்தம் இருக்கும். அது கதவைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். தனிமை வேண்டுபவர் கையால் இழுத்துச் சாத்தலாம். தீ எச்சரிக்கை மணி அடித்தால் காந்தத்துக்குப் போகும் மின்சாரம் நின்று, மீண்டும் மாட்டிய இரும்புக் கை கதவைச் சாத்திவிடும்.’