வில்சன் முதுகில் கோடு

"இன்னா கண்ணு, இவ்ளோ ஒசரத்துலயா போடுவ? முட்டிகிட்ட போடு."

மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற மாதிரிதான் டோரதி பேசினாள். சிவந்தி அசையவில்லை. போன புயலில் திருவொற்றியூரில் எந்த வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றதோ, அந்த உயரத்தில் சுவரில் நீலப் பெயிண்ட்டால் ஒரு கோடு. அதுதான் அவளுடைய எம்.ஏ. புராஜெக்ட். டோரதி வீட்டு ஹாலில் மார் உயரம்.

"அடுத்த வெள்ளத்துல சாமானை எங்க தூக்கி வைக்கணும்னு இதைப் பார்த்தாத்தானே ஆன்ட்டி தெரியும்?"

"சரி, முட்டி வாணாம். இடுப்புல போடு."

"தண்ணி உங்ககிட்ட பேரம் பேசிட்டா ஆன்ட்டி உள்ள வந்துச்சு? ஒரு இன்ச் கூட மாத்த மாட்டேன்."

காலேஜ் பொண்ணு வந்து 'சுவத்துல பெயிண்ட் அடிக்கணும்' என்றதும், ஹால் முழுக்க ஓசியில் அடிக்கப் போகிறாள் என்று நினைத்துத் தலையாட்டியது டோரதியின் தப்பு.

"சாயங்காலம் எம் பொண்ணு ஜூடியப் பாக்க எண்ணூர்லேர்ந்து வராங்கோ கண்ணு. போன தபா வந்தவங்க, தண்ணி பூர்ற வூடுன்னு தெரிஞ்சதும் காபியக் கூட குடிக்காம எழுந்து பூட்டாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்றாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்."

சிவந்திக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை மறைக்கிற ஊரை வெள்ளம் மறுபடி தேடி வரும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு வந்தவள், இங்கே மட்டும் எப்படி மாற்றிப் பேசுவது?

"சாரி ஆன்ட்டி," என்று இழுத்துவிட்டாள் கோட்டை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் கோட்டை முதுகால் மறைக்கலாம் என்று டோரதியின் புருஷன் வில்சன் கண்டுபிடித்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மூளை. கோட்டின் நீளத்துக்கு ஒரு முதுகு போதவில்லை. பக்கத்து வீட்டு இக்னேஷியஸையும் கூட்டி வந்து, இரண்டு பேரும் வெள்ளைச் சட்டையில் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றார்கள்.

"இந்த பேஜாருக்கே நீதான் காரணம், கூட இருந்து டம்ளர எடுத்துக் குடு," என்று சிவந்தியையும் டோரதி போக விடவில்லை.

மாப்பிள்ளை ஹென்றியும் அவன் அம்மா ரோஸ்மேரியும் வந்தார்கள்.

"உக்காருங்கண்ணே," என்றாள் ரோஸ்மேரி.

"பரவால்லக்கா, எனக்கு நின்னே பழக்கம்," என்றார் வில்சன்.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்குந்தான்," என்றார் இக்னேஷியஸ்.

கேசரி வந்தது. ஹென்றி ஜூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜூடியும் சிரித்துவிட்டு, காபி எடுக்க உள்ளே போனாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் ரோஸ்மேரி எழுந்தாள்.

"நல்ல காரியம். மொதல்ல ஒரு ஜெபம் சொல்லிட்டு மேல பேசலாம்."

மாதா படம் எதிர்ச் சுவரில். ஜெபத்துக்கு முட்டி போடாமல் இருக்க முடியுமா? வில்சனும் இக்னேஷியஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலையெழுத்து என்று முன்னால் வந்து மண்டியிட்டார்கள்.

அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்த ரோஸ்மேரியின் குரல் பாதியில் நின்றது. எனாமல் பெயிண்ட், சாயங்காலத்துக்குள் காயவில்லை. வில்சன் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே நீலக் கோடு. இக்னேஷியஸ் வளர்த்தி, அவருக்கு நடு முதுகில்.

"இன்னாண்ணே முதுகுல?"

டோரதி முட்டி போட்டபடியே அழுதுவிட்டாள்.

"தண்ணி நின்ன கோடுக்கா. போன புயலுக்கு இம்மாம் ஒசரம் வந்துச்சு. மாதா முன்னாடி பொய் சொல்ல வாய் வர்ல. நாங்க மறைச்சதுதான் தப்பு, எம் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல."

காபித் தட்டோடு வந்த ஜூடி கதவருகிலேயே நின்றுவிட்டாள். சிவந்தி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். தன் புராஜெக்ட் ஒரு கல்யாணத்தைக் குடித்துவிட்டதே.

ரோஸ்மேரி திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா அழுவுற? எங்க வூட்ல ஃபேன் வரைக்கும் வந்துச்சு."

"எம்மா..." என்றான் ஹென்றி.

"நீ சும்மா கெட. ஃபேன் ரெக்கைல கெளுத்தி மீனு சுத்திகினு இருந்துச்சு சம்பந்தி. இத்த எப்டி உங்களாண்ட சொல்றதுன்னு வழியெல்லாம் பேசிகினு வந்தோம்."

சொல்லிவிட்டு, மாதா படத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

டோரதி கண்ணைத் துடைத்தாள். "ஐய, பாவமே. அப்ப எங்க வூடே தேவல."

காபியை எல்லோரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். டோரதி இப்போது கோட்டைத் தானே கை நீட்டிக் காட்டி, "எங்களுக்கு மார் மட்டும்தான்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது ரோஸ்மேரி வாசலில் சிவந்தியை ஓரமாக இழுத்தாள்.

"பாப்பா, ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்க வூட்லயும் வந்து ஒரு கோடு போட்டுட்டுப் போ. ஃபேன் ஒசரத்துல."

கோடு போடச் சொல்லித் தானாக ஒருவர் வந்து கேட்பது இதுதான் முதல் தடவை. சிவந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கண்டிப்பா வரேன் ஆன்ட்டி. வீடு எங்க?"

"எண்ணூர் ஸ்டேஷனாண்ட. மூணாவது மாடி."

"மூணாவது மாடியில ஃபேன் வரைக்குமா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? பொண்ணப் பெத்தவ தலயத் தொங்கப் போட்டுகினு குடுத்தா, எனக்குக் காபி உள்ள எறங்குமா?"

சிவந்தி பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். மிச்சம் இருந்தது.